வல்லாரையும் முருங்கையும்: இலைச் சாற்றின் நற்குணத்தைக் கெடாமற் காத்தல்

வயலிலிருந்து வந்தபின் கழுவித் துடைக்காமற் சுவரிற் சாத்திவைத்த மண்வெட்டி சில நாளில் துருப்பிடிக்கின்றது. அரிந்துவைத்த கத்தரிக்காய் சட்டியை அடையும் முன்னரே கறுக்கின்றது. மூடாது வைத்த எண்ணெய் நாட்பட நாட்படக் கெட்ட மணம் கொள்ளுகின்றது. இம்மூன்றும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகத் தோன்றினும் இவற்றுக்கு அடிப்படையான காரணம் ஒன்றே. காற்றிலுள்ள ஒட்சிசன் இரும்போடும், காயிலுள்ள சில பொருள்களோடும், எண்ணெயின் கொழுப்போடும் சேர்ந்து அவற்றை மாற்றிவிடுகின்றது. இம்மாற்றத்தை ஒட்சியேற்றம் என்பர்.

அரிந்த கத்தரிக்காயின்மீது தேசிக்காய்ப் புளியைத் தடவினால் அது விரைவிற் கறுப்பதில்லை. இதனைச் சமையல் செய்வோர் யாவரும் அறிவர். புளியின் அமிலத் தன்மை இதற்கு ஒரு காரணம். அதிலுள்ள விற்றமின் சி மற்றொரு காரணம். காயைத் தாக்க வரும் ஒட்சிசனோடு விற்றமின் சி தான் முந்திச் சேர்ந்து தன்னை அழித்துக்கொள்ளுகின்றது, காய் தப்புகின்றது. இவ்வாறு தான் முன்சென்று அழிந்து பிறவற்றைக் காக்கும் பொருள்களுக்கு ஒட்சியேற்றத் தடைப்பொருள்கள் என்று பெயர். நல்லெண்ணெய் பல எண்ணெய்களைவிட நெடுநாள் கெடாது இருப்பதும் இக்காரணம் பற்றியேயாகும். எள்ளிலேயே அமைந்துள்ள சில தடைப்பொருள்கள் எண்ணெயோடு கூடவே செக்கிலிருந்து வெளிவருகின்றன.

மனித உடலிலும் இதுபோன்ற செயல் இடையறாது நடைபெறுகின்றது. உண்ட உணவை எரித்துச் சக்தி பெறுவதற்கு உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது, சுயாதீன மூலிகங்கள் எனப்படும் நிலையற்ற நுண்துணிக்கைகள் சிறிதளவு தோன்றுகின்றன. இவை ஓர் இலத்திரன் துணையிழந்து நிற்பவை. அருகிலுள்ள எதிலிருந்தேனும் ஓர் இலத்திரனைப் பறித்துக்கொள்ள முயல்பவை. புகைபிடித்தலும் கடும் நோயும் இவற்றை மிகுவிக்கின்றன. உடல் தனக்கென்று காவற் பொருள்களை ஆக்கிக்கொள்ளுகின்றது. உணவிலிருந்தும் சிலவற்றைப் பெறுகின்றது. அவ்வாறு பெறுவனவற்றிற் பச்சையிலைகளுக்குச் சிறப்பான இடம் உண்டு.

இலை ஏன் இப்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கின்றது என்பது கமக்காரர் அறிந்துகொள்ளத்தக்கது. மனிதனுக்கு மருந்தாகும் நோக்கத்தோடு எந்தச் செடியும் வளருவதில்லை. உச்சி வெயிலில் நிற்கும் இலை தனக்குத் தேவையானதிலும் அதிகமான ஒளியைப் பெறுகின்றது. எஞ்சிய சக்தியினால் இலையின் பச்சையங்களிலே தீங்கான ஒட்சிசன் வடிவங்கள் உண்டாகின்றன. அவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே செடி விற்றமின் சி, விற்றமின் ஈ, கரோற்றின், பொலிபினோல்கள் ஆகியவற்றை இலையிற் சேர்த்துவைக்கின்றது. புழு பூச்சிகள் தின்னாதிருக்கவும் பொலிபினோல்கள் உதவுகின்றன. இலைகளின் துவர்ப்பிற் பெரும்பங்கு இவற்றைச் சேர்ந்ததே.

முருங்கையிலையில் விற்றமின் சியும் கரோற்றினும் மிகுதியாகவுள்ளன. குவர்சிற்றின், கெம்பரோல், குளோரோஜெனிக் அமிலம் என்னும் பொலிபினோல்களும் உள்ளன. வல்லாரையிலும் குவர்சிற்றினும் கெம்பரோலும் உண்டு. அவற்றோடு ஏசியற்றிக்கோசைட்டு முதலிய அதற்கேயுரிய பொருள்களும் உண்டு. கறிவேப்பிலையிலே கார்பசோல் வகைச் சேர்மங்கள் உள்ளன. எண்ணெய் கெடுவதைத் தாமதப்படுத்தும் ஆற்றல் இவற்றுக்கு உண்டென ஆய்வுகூடங்களிற் காணப்பட்டுள்ளது. பொன்னாங்காணி, முடக்கொத்தான், தூதுவளை, குறிஞ்சா, முசுட்டை, அகத்தி என வீட்டு வேலியிலும் வயல் வரம்பிலும் கிடைக்கும் ஏனைய இலைகளும் அளவில் வேறுபடினும் இவ்வகையைச் சேர்ந்தனவே.

ஆய்வுகூடத்துப் போத்தலும் மனித உடலும்

இலைச் சாற்றின் ஆற்றலை அளப்பதற்கு ஆய்வாளர் பெரிதும் கையாளும் முறை ஒன்று 1958 ஆம் ஆண்டிற் பிளொய்ஸ் என்பவரால் வெளியிடப்பட்டது. ஊதா நிறமுள்ள ஒரு சுயாதீன மூலிகக் கரைசலிலே இலைச் சாறு விடப்படும். சாற்றிலே தடைப்பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு ஊதா நிறம் நீங்கி மஞ்சள் நிறம் தோன்றும். நிறம் குறைந்த அளவைக் கருவியால் அளந்து இலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவர். முறை எளிது, செலவு குறைவு. ஆகையினால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான மூலிகைகள் இவ்வாறு சோதிக்கப்பட்டுள்ளன. "இன்ன இலையில் ஒட்சியேற்றத் தடை ஆற்றல் மிகுதி" என்று பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் காணப்படும் கூற்றுகளிற் பெரும்பாலானவை இத்தகைய போத்தற் சோதனைகளிலிருந்து பிறந்தவை.

இவ்விடத்திற் கமக்காரர் நிதானித்தல் வேண்டும். இச்சோதனைகளுக்கான சாற்றைப் பெரும்பாலும் மெதனோல் அல்லது எதனோல் என்னும் அற்ககோல்களைக்கொண்டு எடுப்பர். நீரைவிட அவை சில பொருள்களை அதிகமாகக் கரைத்தெடுக்கும். மெதனோலோ கொடிய நஞ்சு. ஒருவரும் அதனைக்கொண்டு வீட்டிற் சாறு எடுக்க நினைத்தலும் ஆகாது. அற்ககோற் சாற்றிற் கண்ட அளவு வீட்டில் இடித்துப் பிழிந்த சாற்றிலும் இருக்குமென்று கொள்ள முடியாது. அடுத்து, போத்தலிலே ஊதா நிறத்தை நீக்கிய பொலிபினோல் உடலிற் சென்றவுடன் அவ்வண்ணமே இரத்தத்தை அடைவதில்லை. அதிற் சிறு பங்கே குடலாற் கவரப்படுகின்றது. அதனையும் குடலும் ஈரலும் விரைவில் உருமாற்றிவிடுகின்றன.

இவ்வெண்கள் மக்களை வழிதவறச் செய்கின்றன என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாயத் திணைக்களம் பல உணவுகளின் ஒட்சியேற்றத் தடை அளவுகளை அட்டவணையாக்கி வெளியிட்டிருந்தது. அவ்வெண்களுக்கும் மனித உடல் நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றும், வணிகர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்றும் கண்டு, 2012 ஆம் ஆண்டில் அத்திணைக்களமே தன் அட்டவணையை நீக்கிவிட்டது.

இதனிலும் கடுமையான பாடம் பின்லாந்து நாட்டிலிருந்து வந்தது. அங்கே புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் ஒரு பெரும் ஆராய்ச்சியிற் சேர்க்கப்பட்டனர். அவர்களிற் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோற்றின் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டது. அது நுரையீரற் புற்றுநோயைக் குறைக்கும் என்பதே எதிர்பார்ப்பு. 1994 ஆம் ஆண்டில் முடிவு வெளியானபோது, கரோற்றின் உண்டவர்களிடையே அந்நோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. கரோற்றின் நிறைந்த இலையும் காயும் உண்பது தீதென்று இதற்குப் பொருளன்று. இலையிலிருந்து ஒரு பொருளை மாத்திரம் பிரித்தெடுத்துப் பெருமளவில் உட்கொள்ளுதலும் இலையையே கறியாக உண்ணுதலும் ஒன்றல்ல என்பதே பொருள். வறையிலே நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் சிறு சிறு அளவிற் கூடியிருக்கின்றன; நாரும் இரும்பும் கல்சியமும் உடன் வருகின்றன.

ஆகவே இலைக்கஞ்சியும் சம்பலும் வறையும் நல்லுணவுகள். அவை நீரிழிவுக்கோ புற்றுநோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ வைத்தியர் கொடுத்த மருந்துக்குப் பதிலாகா. கிராமங்களில் நடைபெறக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீரிழிவுள்ள ஒரு கமக்காரர் குறிஞ்சா இலையை மெல்லுகின்றார். சற்றுநேரத்தின் பின் சீனியை வாயிலிட்டால் மணலைப்போலச் சுவையற்றிருக்கின்றது. குறிஞ்சாவிலுள்ள அமிலங்கள் நாவின் இனிப்புணர்ச்சியைச் சிறிதுநேரம் மறைப்பதனால் உண்டாகும் விளைவு இது. அவரோ இலை இரத்தத்திலுள்ள சீனியையும் இவ்வாறே அழித்துவிடும் என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடுகின்றார். சில வாரம் எவ்வித துன்பமும் தோன்றாதிருக்கலாம். கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் சேதம் நோவின்றியே தொடங்கும். வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் காலிற் புண் வந்து ஆறாமற் போவது எத்தகைய இழப்பென்று விளக்க வேண்டியதில்லை. மாத்திரையையும் விடாது இலையின் செறிந்த சாற்றையும் நாள்தோறும் அருந்துபவருக்கு வேறோர் ஆபத்துண்டு. சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்து மயக்கம் வரக்கூடும். எதை உண்பதாயினும் சிகிச்சை தரும் வைத்தியருக்கு அதனைச் சொல்லுதல் வேண்டும்.

சிறுநீரக நோயுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலைகளிற் பொற்றாசியம் மிகுதி. பழுதுற்ற சிறுநீரகம் அதனை வெளியேற்ற மாட்டாது. இரத்தத்தில் அது மிகுந்தால் இதயம் பாதிக்கப்படும். ஆகையால் அந்நோயாளருக்கு வீட்டார் அன்பினால் நாள்தோறும் இலைக்கஞ்சி கொடுப்பதும் கேடாய் முடியலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்து உண்போர் இலையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணக்கூடாது. இலைகளிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் வேலையைத் தடுப்பதே காரணம்.

வீட்டிற் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை

இலையின் குணம் எவ்வளவு விரைவிற் குறைகின்றது என்பதைக் கண்ணாற் காணலாம். புண்ணுக்குத் தடவும் பழுப்பு நிற அயடீன் கரைசல் மருந்துக் கடைகளிற் கிடைக்கும். நன்கு ஆறிய கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து அரைக் கோப்பை நீரிற் கலந்து, அதில் இரண்டு மூன்று துளி அயடீன் விட்டால் கருநீல நிறம் தோன்றும். கஞ்சி சூடாக இருந்தால் நிறம் தானே மறைந்து ஏமாற்றிவிடும். ஆகையால் ஆறவைத்தல் அவசியம். இவ்வாறான நீலத் தண்ணீரை மூன்று கண்ணாடிக் கோப்பைகளிற் சம அளவாக எடுத்துக்கொள்ளல் வேண்டும்.

அன்று காலை பறித்த முருங்கையிலை ஒரு பிடி, முதல்நாள் பறித்து வெயிலில் வாடவிட்ட இலை அதே கொத்திலிருந்து ஒரு பிடி, அன்று பறித்து அரை மணிநேரம் கொதிக்கவைத்து நீரை வடித்துவிட்ட இலை ஒரு பிடி என மூன்றையும் தனித்தனியே ஒரே அளவு நீர் விட்டு அரைத்து மெல்லிய துணியால் வடிக்கவேண்டும். கொதித்த இலையின் சாறும் நன்கு ஆறியிருத்தல் வேண்டும். பின் ஒவ்வொரு கோப்பையிலும் ஒவ்வொரு சாற்றைத் துளிதுளியாக விட்டுக் கலக்கி, நீலம் மறைவதற்கு எத்தனை துளி தேவைப்படுகின்றது என்று எண்ணுதல் வேண்டும். புதிய இலைச் சாற்றுக்குக் குறைந்த துளிகளே போதுமானதாயிருக்கும். நீலம் நீங்கி இளம் பச்சை மாத்திரம் எஞ்சும். வாடிய இலைக்கும் வேகவைத்து வடித்த இலைக்கும் கூடிய துளிகள் தேவைப்படும். விற்றமின் சியும் அதுபோன்ற பொருள்களும் அயடீனை நிறமற்ற வடிவத்துக்கு மாற்றுவதனால் இவ்வாறு நிகழ்கின்றது. பாடசாலைப் பிள்ளைகளைக்கொண்டு இதனைச் செய்விக்கலாம். சோதித்த நீரை ஒருவரும் அருந்தாதபடி உடனே ஊற்றிவிடல் வேண்டும்.

பாத்தியிற் செய்யவேண்டியவை

வல்லாரை ஈரலிப்பான நிலத்தில் வளரும் பூடு. வேரோடு கூடிய கொடித் துண்டுகளை ஆறங்குலத்துக்கு ஒன்றாக நட்டு, மண் காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொண்டால் ஏறக்குறைய இரண்டு மூன்று மாதங்களில் முதல் வெட்டுக்கு வரும். நன்கு உக்கிய கூட்டெருவைப் பாத்தி அமைக்கும்போதே கலத்தல் நன்று. நடுகைக்குக் கொடி எடுக்கும்போது செடியை அடையாளம் காணவேண்டும். வல்லாரையின் இலை சிறுநீரக வடிவானது. அடியில் வெட்டு உண்டு. காம்பு அவ்வெட்டிற் சேரும். காம்பு வட்டமான இலையின் நடுவிற் குடையின் கைபோலச் சேர்ந்திருந்தால் அது வேறொரு நீர்ப்பூடு.

யூரியாவை மிகுதியாக இட்டால் இலை பருத்து, கரும்பச்சையாகி, கட்டு விரைவில் நிறையும். சந்தையிற் பார்வைக்கும் நன்றாயிருக்கும். எனினும் பொதுவாக நைதரசன் மிகுந்து விரைந்து வளர்ந்த இலையிற் பொலிபினோலும் விற்றமின் சியும் குறைவு. நீரும் நைத்திரேற்றும் அதிகம். அழுகலும் விரைவில் வரும். நிறைக்கு விலை பெறுபவர் இதனாற் சிறிது இலாபம் அடையலாம். உலர்த்தி விற்க நினைப்பவருக்கோ நட்டமே. உலர்த்தியபின் எஞ்சுவது நீரன்று. வெயில் கண்டு அளவான எருவில் நிதானமாக வளர்ந்த இலை சிறிதாயினும் குணத்தில் உயர்ந்தது.

இலையின் குணத்தைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் விடயம் ஒன்றுண்டு. வல்லாரையும் பொன்னாங்காணியும் தானாக முளைக்கும் இடங்கள் வயல் வரம்பும் வாய்க்கால் ஓரமுமாகும். நெல்லுக்குக் களைநாசினி தெளித்த வயலின் வரம்பிலிருந்தும், பீடைநாசினித் தாங்கியைக் கழுவி ஊற்றிய வாய்க்காலிலிருந்தும் பறித்த இலையைப் பச்சையாக அரைத்துச் சாறாக்கிக் குழந்தைக்குப் பருக்குவது எத்தகைய செயல்? ஊடுபரவும் நஞ்சு இலைக்குள்ளே சென்றிருக்கும். எத்தனை முறை கழுவினும் அது போகாது. சாற்றின் தடைப்பொருள் அதனை முறிக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. பட்டண வடிகால்களின் ஓரத்திலும் பெருந்தெரு ஓரத்திலும் முளைக்கும் வல்லாரை ஈயம், கட்மியம் ஆகிய பார உலோகங்களைத் தன் வேரிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளக்கூடியது. மலசல நீர் கலக்கும் வாய்க்காலாயின் வயிற்றோட்டக் கிருமிகளும் உடன்வரும். வல்லாரைச் சம்பல் வேகவைக்கப்படாத உணவாதலால் இவ்வெச்சரிக்கை அதற்கு இருமடங்கு பொருந்தும்.

ஆகவே வீட்டுத் தேவைக்கான இலைப் பாத்தியைக் கிணற்றடியிலோ வீட்டுத் தோட்டத்திலோ நெல்வயலுக்கு எட்டத்தில் அமைத்தல் வேண்டும். நாலடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட பாத்தியைப் பகுதி பகுதியாக வெட்டிவந்தால் ஒரு குடும்பத்துக்கு அடிக்கடி இலை கிடைக்கும். குளிப்பின் சவர்க்கார நீர் அதிற் பாயாமல் மடை திருப்பிவிடல் நன்று. விற்பனைக்குச் செய்பவர் மருந்து தெளிக்க நேரிட்டால் லேபிளிற் குறித்த இடைவெளி நாள் முடியும்வரை வெட்டக்கூடாது. சந்தை விலை ஏறிய நாளில் அந்த இடைவெளியைக் காப்பது கடினம் என்பது உண்மை. எனினும் வாங்கிச் செல்பவர் அதனை நோயாளிக்கென்றே வாங்கிச் செல்லுகின்றார் என்பதை நினைத்தல் வேண்டும்.

வெட்டும்போதும் கொண்டுசெல்லும்போதும்

வெட்டிய இலை உயிரற்ற பொருளன்று. அது தொடர்ந்து சுவாசிக்கின்றது. சுவாசித்தலால் வெப்பம் உண்டாகின்றது. வெப்பத்தால் மேலும் விரைவிற் சுவாசிக்கின்றது. சாக்கில் நெருக்கி அடைத்த வல்லாரைக் கட்டின் நடுவிற் கையை விட்டால் சூடு தெரியும். அச்சூட்டில் விற்றமின் சி மணிக்குமணி குறைகின்றது. நசிந்த இலையில் இன்னும் விரைவு. கலங்கள் உடைந்து, கத்தரிக்காயைக் கறுக்கச் செய்யும் நொதியம் அங்கும் வேலை செய்யத் தொடங்குகின்றது.

ஆகையால் காலையில் வெயில் ஏறுமுன் வெட்டி, நிழலிற் சேர்த்து, சிறு கட்டுகளாகத் தளர்வாகக் கட்டுதல் வேண்டும். ஓலைக் கடகத்தில் நிமிர்த்தி அடுக்கி, சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கினால் மூடிக் கொண்டுசெல்லலாம். நீரை அடிக்கடி ஊற்றினால் இலை பச்சையாகத் தோன்றும், உள்ளே அழுகும்.

அடுப்படியிற் செய்யவேண்டியவை

தடைப்பொருள்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. விற்றமின் சி நீரிற் கரையும், சூட்டில் அழியும். பொலிபினோல்களிற் பல சூட்டைத் தாங்கும். ஆனால் வேகவைத்த நீரில் இறங்கிவிடும். கரோற்றின் நீரிற் கரையாது, சிறிதுநேரச் சூட்டால் அதிகம் கெடாது. உடல் அதனைக் கவர்வதற்குக் கொழுப்புத் தேவை. இவற்றை அறிந்தால் வழக்கத்திலுள்ள சமையல் முறைகளின் சிறப்பு விளங்கும். வறையிலே இலையைச் சன்னமாக அரிந்து, நீர் விடாது சிறிதுநேரமே வதக்கித் தேங்காய்ப்பூச் சேர்க்கின்றனர். நீர் வடிக்கப்படாமையாற் பொலிபினோல் தங்குகின்றது; தேங்காயின் கொழுப்புக் கரோற்றினைக் கவர உதவுகின்றது. இலையை முதலிற் கழுவிப் பின் அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் வெட்டுவாய் வழியே சத்து நீரோடு போய்விடும்.

இலைக்கஞ்சி காய்ச்சும்போது அரிசியையும் உள்ளியையும் முதலில் நன்கு வேகவிட்டு, தேங்காய்ப்பாலைச் சேர்த்து, இறுதியில் இலைச் சாற்றை விட்டு ஒரு கொதி வந்தவுடன் இறக்குவதே முறை. வேலை எளிதாகும் என்று தொடக்கத்திலேயே சாற்றை ஊற்றி அரிசியோடு வேகவிட்டால் நிறமும் மணமும் மாறி, விற்றமின் சியிற் பெரும்பகுதி போய்விடும். முதல்நாள் இரவே சாறு பிழிந்து வைப்பதும் நன்றன்று. பிழிந்த சாறு காற்றோடு கலந்துவிட்டமையால் இலையைவிட விரைவிற் கெடும்.

பொலிபினோலுக்கு ஒரு குறையும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அது உணவிலுள்ள இரும்பைப் பிணைத்து, உடல் கவரவிடாமற் செய்யும். சோறும் கீரையும் உண்டவுடன் சாயத் தேநீர் குடிப்போர் இரும்பிற் பெரும்பங்கை இழக்கின்றனர். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இரத்தச் சோகைக்கு ஆளாகும் வீடுகளில் இது சிறு விடயமன்று. தேநீரை உணவுக்கு ஒரு மணிநேரமாவது தள்ளி அருந்துதல் வேண்டும். வறையிலும் சம்பலிலும் உண்ணும் வேளையில் தேசிக்காய்ப் புளி பிழிந்துகொண்டால் அதன் விற்றமின் சி இரும்பு கவரப்படுவதற்குத் துணைசெய்யும்.

உலர்த்தி வைத்தல்

முருங்கையிலை சில மாதங்களில் வேண்டியதற்கு மேல் தழைத்துக் கிடக்கும். அப்போது உலர்த்திப் பொடியாக்கி வைக்கலாம். பச்சையிலையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீராதலால், நாலைந்து கிலோகிராம் இலையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோகிராம் உலர் இலையே கிடைக்கும். விலை பேசும்போது இதனைக் கணக்கிற் கொள்ளாதவர்கள் பின்னர் வருந்துவர்.

நெல்லையும் மிளகாயையும் காயப்போடுவதுபோல இலையை முற்றத்து வெயிலிற் காயப்போடுதல் கூடாது. நேர்வெயில் கரோற்றினையும் பச்சையத்தையும் அழித்து இலையை வைக்கோல் நிறமாக்கிவிடும். நோயற்ற இலைகளைத் தெரிந்து, ஓடும் நீரில் அலசி, நீர் வடியவிட்டு, காம்பு நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணியின்மீது மெல்லியதாகப் பரப்பவேண்டும். கூரையின்கீழ்க் காற்றோட்டமுள்ள இடத்தில் மூன்று நாலு நாள் வைத்து, நாளுக்கு இருமுறை புரட்டிவிட்டால் விரலால் நெரிக்க நொறுங்கும் பதம் வரும். வல்லாரை தடிப்பான காம்புடையது. காம்பை நீக்கினாலன்றி ஒரே வேளையிற் காயாது. மாரி மழைக் காலத்தில், ஐப்பசி தொடக்கம் தைவரை, வடக்குக் கிழக்கு மாகாணங்களில் உலர்த்த முயல்வது வீண்வேலை. இலை காயுமுன் பூஞ்சணம் பிடிக்கும்; பூஞ்சணம் கண்ட இலையை மீண்டும் காயவைத்துச் சேர்ப்பது பொருள் முழுவதையும் கெடுப்பதாகும்.

பொடியாக்கியவுடன் காற்றோடு சேரும் பரப்புப் பலமடங்கு பெருகுவதால் ஒட்சியேற்றமும் பெருகுகின்றது. எனவே இலையை இலையாகவே வைத்திருந்து, தேவைக்கேற்பச் சிறு சிறு அளவிற் பொடித்துக்கொள்ளல் நன்று. கண்ணாடிப் போத்தலாயின் இருட்டறையில் வைத்தல் வேண்டும். மூடி இறுகிய தகரப் பேணி அதனிலும் மேல்.

விற்பனைக்குப் பொதி செய்வோர் லேபிளில் இலையின் பெயர், நிறை, உலர்த்திய திகதி ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். நீரிழிவை மாற்றும், புற்றுநோயை ஒழிக்கும் என்றெல்லாம் அச்சிடுதல் கூடாது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பொய்யான, மயக்கந்தரும் லேபிள்களைத் தடைசெய்கின்றது. அவ்வாறு அச்சிட்ட பொதியை நம்பி மருந்தை நிறுத்தியவர் அடையும் துன்பத்தை எந்த இலாபமும் ஈடுசெய்யாது.

பேணியைத் திறக்கும்போது பச்சை நிறமும் புல்லின் மணமும் இருந்தால் இலை நன்று. நிறம் வெளிறி, மணம் வைக்கோலைப்போலாகிவிட்டதாயின் அதனைக் கஞ்சிக்குப் பயன்படுத்தாமற் கூட்டெருக் குழியிற் போட்டுவிடலாம். அடுத்த வல்லாரைப் பாத்திக்கு அது உதவும்.